லைவா, ரெக்கார்டடா, பேட்சா? ஆன்லைன்ல கோர்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

"ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், என்ன மைக் வாங்கறது?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. மைக் பத்தி கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, அதை யாரும் கேக்கறதே இல்ல. நேரம் குறிச்சு லைவா எடுக்கப் போறீங்களா, வீடியோவா எடுத்து வச்சிட்டு வர்றவங்க அவங்கவங்க நேரத்துக்குப் பாத்துக்கட்டும்னு விடப் போறீங்களா, இல்ல ஒரு கூட்டத்தைச் சேத்து இந்தத் தேதில ஆரம்பம் இந்தத் தேதில முடிவுன்னு பேட்ச் மாதிரி நடத்தப் போறீங்களா? இதுல தப்பா முடிவு பண்ணிட்டா எவ்ளோ நல்ல மைக் வாங்கியும் பிரயோஜனம் இல்ல. மூணையும் நான் பண்ணிப் பாத்தாச்சு, மூணுலயும் அடியும் வாங்கியாச்சு, அதனால கொஞ்சம் உரிமையோடயே பேசறேன்.

எந்த மீடியம்ல (மொழி இல்ல, நேர்லயா, வீடியோலயா, கம்ப்யூட்டர்லயாங்கற மீடியம்) சொல்லிக்குடுத்தா நல்லா மண்டைல ஏறும்ங்கற சண்டை ரொம்பப் பழசு. 1983-லயே ரிச்சர்ட் கிளார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் அதுவரைக்கும் நடந்த ஒப்பீடுகளை எல்லாம் அலசிட்டு, மீடியம்ங்கறது சரக்கு ஏத்திட்டு வர்ற வண்டி மாதிரிதான், வண்டி மாறினதால சாப்பாட்டுல சத்து கூடிடாதுங்கற அர்த்தத்துல எழுதினார். அதுக்கு எதிர்வாதமும் வந்துச்சு, சண்டை இன்னும் முழுசா ஓயல. நான் அவர் சொன்னதை முக்கால்வாசி ஒத்துக்கறேன். மிச்சக் கால்வாசி என்னன்னா, வண்டி போறதை மட்டும் பாக்கக்கூடாது, திரும்பி வரும்போது ஏதாவது ஏத்திட்டு வருதான்னும் பாக்கணும். லைவ் க்ளாஸ் வண்டி திரும்பி வரும்போது கேள்வியையும் குழப்பத்தையும் தப்பான பதிலையும் ஏத்திட்டு வரும், ரெக்கார்டட் வண்டி பெரும்பாலும் காலியாத்தான் வரும். மூணையும் நான் ஒப்பிடப் போறது இந்த ஒரு அளவுகோலை வச்சுத்தான்.

முதல்ல ரெக்கார்டடை எடுத்துக்குவோம், ஏன்னா எல்லாருக்கும் ஆசை அதுமேலதான். ஒரு தடவை எடுத்து வச்சா போதும் தூங்கும்போதும் ஆள் வந்து படிச்சிட்டுப் போவாங்கங்கற கனவு இருக்கே, அது என்னையும் விடல. நான் சொல்லிக்குடுக்கறது எக்செல். ஆரம்பத்துல ரெண்டு மாசம் உக்காந்து 42 வீடியோ எடுத்தேன், வீ-லுக்கப் (ஒரு லிஸ்ட்ல ஒரு பேரைத் தேடி அதே வரில இருக்கற விவரத்தை எடுத்துக் குடுக்கற ஃபார்முலா) பத்தி மட்டும் ஒரே வீடியோ 22 நிமிஷம், அவ்ளோ பெருமை எனக்கு. போட்ட முதல் வாரத்துலயே ஒருத்தர் மெயில் அனுப்பினார், நீங்க டைப் பண்ற மாதிரியே எழுத்து மாறாம டைப் பண்ணேன், எரர் அடிக்குது. மண்டைய உடைச்சிட்டு அப்புறம் பாத்தா, அவர் கம்ப்யூட்டர்ல ரீஜன் செட்டிங் வேற, அங்க ஃபார்முலாவுக்கு உள்ள கமாவுக்குப் பதிலா அரைப்புள்ளி போடணும். வீடியோல நான் அதைச் சொல்லவே இல்ல, சொல்லணும்னு எனக்கு எப்படித் தெரியும், என் கம்ப்யூட்டர்ல கமாதானே வேலை செய்யுது.

அவராவது கேட்டார். கேக்காதவங்க கதைதான் மோசம். வீ-லுக்கப்ல நாலாவதா ஒரு இடம் இருக்கு, அதைக் காலியா விட்டா எக்செல் அப்ராக்சிமேட் மேட்ச்னு, அதாவது அச்சு அசலா அதே இல்லாட்டியும் கிட்டத்தட்ட இருந்தா போதும்னு எடுத்துக்கும், லிஸ்ட் வரிசையா இல்லன்னா பல சமயம் எரரே காட்டாம வேற யாரோட வரியையோ எடுத்துக் குடுத்துடும். அந்த இடத்துல ஃபால்ஸ் (FALSE, அதேதான் வேணும்னு அர்த்தம்) போடணும்னு நான் வீடியோல சொல்லியிருக்கேன், 17-வது நிமிஷத்துல, போற போக்குல. அதைத் தவறவிட்டவர் தப்பான பதிலை வச்சுக்கிட்டு ஆஹா வந்துடுச்சுன்னு சந்தோஷமா அடுத்த வீடியோவுக்குப் போயிட்டார், ஒருத்தர் அப்படியே ரிப்போர்ட் செஞ்சு ஆபீஸ்லயும் குடுத்திருக்கார், நாலு மாசம் கழிச்சுத்தான் எனக்கே விஷயம் தெரிஞ்சது. புரியலன்னு தெரிஞ்சவன் கேப்பான், தப்பாப் புரிஞ்சுக்கிட்டவனுக்கு கேக்கணும்னே தோணாது. ரெக்கார்டட் கோர்ஸோட பெரிய ஓட்டை இதுதான்.

அப்போ கோர்ஸை பாதிலயே விட்டுட்டுப் போறாங்களே, அது ஓட்டை இல்லையான்னு கேப்பீங்க. அதுவும் ஓட்டைதான், ஆனா அந்த நம்பரை எல்லாரும் கொஞ்சம் அவசரப்பட்டுப் படிக்கறாங்க. 2011-ல ஸ்டான்ஃபோர்ட்ல செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் அவங்க ஏஐ கோர்ஸை இலவசமா நெட்ல திறந்து விட்டப்போ 1,60,000 பேர் பதிவு பண்ணாங்க, கடைசி வரைக்கும் வந்தவங்க 20,000-க்கு மேல. அடுத்த வருஷமே கோர்செரா, எட்எக்ஸ்னு ஆன்லைன் கோர்ஸ் தளங்கள் எல்லாம் வந்து, இனிமே காலேஜே வேண்டாம்ங்கற அளவுக்குப் பேச்சு ஓடிச்சு. 2019-ல எம்ஐடி, ஹார்வர்ட் ரெண்டும் எட்எக்ஸ்ல நடத்தின கோர்ஸ்களோட ஆறு வருஷ டேட்டாவை அலசின ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 2017-18-ல முடிச்சவங்க வெறும் 3.13 சதவீதம். இந்த நம்பரை மட்டும் பாத்துட்டு "ஆன்லைன் கோர்ஸ்னாலே வேஸ்ட்"னு சொல்றவங்க அதே ஆய்வோட மத்த வரிகளையும் படிக்கணும். பதிவு பண்ணவங்கள்ல பாதிக்கும் மேல உள்ளயே போகல. சான்றிதழுக்காகப் பணம் கட்டினவங்களை மட்டும் தனியா எடுத்தா அதே வருஷத்துல 46 சதவீதம் முடிச்சிருக்காங்க. இலவசமா ஒரு க்ளிக் பண்றது கடைக்கு வெளிய நின்னு எட்டிப் பாக்கற மாதிரி, அவங்க எல்லாரையும் வாங்க வந்த கஸ்டமர்னு எண்ணிட்டு ஒருத்தரும் வாங்கலயேன்னு அழக்கூடாது. அதே மாதிரி பணம் கட்டினதாலதான் முடிச்சாங்கன்னும் சொல்லிட முடியாது, முடிக்கணும்னு ஏற்கனவே தீர்மானிச்சவங்கதான் பணமே கட்டியிருப்பாங்க. ஆக உங்க ரெக்கார்டட் கோர்ஸுக்கு வர்றவங்க எந்த ரகம்னு தெரியாம முடிச்சவங்க சதவீதத்தை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

வீடியோ எவ்ளோ நீளம் இருக்கணும்? எல்லாரும் 6 நிமிஷம்னு சொல்வாங்க. அது 2014-ல ஃபிலிப் குவோவும் கூட ரெண்டு பேரும் எட்எக்ஸ்ல 69 லட்சம் தடவை வீடியோ பாத்த பதிவுகளை வச்சு செஞ்ச ஆய்வுல இருந்து வந்தது. நல்ல ஆய்வுதான். ஆனா அவங்க அளந்தது எவ்ளோ நேரம் பாத்தாங்கன்னு, எவ்ளோ கத்துக்கிட்டாங்கன்னு இல்ல. நான் இதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு என் 22 நிமிஷ வீடியோவை நாலு துண்டா வெட்டிப் போட்டேன். ஒரு மாத்தமும் இல்ல. எப்ப மாறுச்சுன்னா, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவுல ஒரு ஃபைலைக் குடுத்து, இதுல இந்த ஆளோட சம்பளத்தைக் கண்டுபிடிச்சு பதிலை இங்க டைப் பண்ணுங்கன்னு கேட்டப்போதான். நாலாவது இடத்தைக் காலியா விட்டா என்ன தப்பான நம்பர் வரும்னு எனக்கு முன்னாடியே தெரியுமில்ல, அந்த நம்பரை டைப் பண்ணா உடனே "ஃபால்ஸ் போட்டீங்களா?"ன்னு வர்ற மாதிரி வச்சேன். காலியா திரும்பிட்டிருந்த வண்டில கொஞ்சம் சரக்கு ஏறுச்சு. கார்னகி மெலன் யுனிவர்சிட்டில கென் கோடிங்கர் குழு 2015-ல ஒரு ஆன்லைன் கோர்ஸோட டேட்டாவை வச்சு சொன்னது இதோட ஒத்துப் போகுது, கூடுதலா வீடியோ பாக்கறதைவிட கூடுதலா பயிற்சி செய்யறதுக்கு கிட்டத்தட்ட ஆறு மடங்கு பலன்னு. ஆனா பாருங்க, அந்தத் தப்பான நம்பரை முன்கூட்டியே யோசிச்சு வைக்க முடிஞ்சது ஏற்கனவே ஒருத்தர் அந்தத் தப்பைப் பண்ணி நான் பாத்ததால. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

லைவுக்கு வருவோம். லைவ்ல எடுத்தாலே கேள்வி வரும், பதில் வரும்னு நெனச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் இறங்கறாங்க. நடக்கறது என்ன? 30 கறுப்புக் கட்டம், எல்லாம் மியூட், நீங்க "புரியுதா?"ன்னு கேப்பீங்க, பத்து செகண்ட் மயான அமைதி, அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் சாட்ல யெஸ்னு போடுவார், நீங்க அடுத்த ஸ்லைடுக்குப் போயிடுவீங்க. ஒன்றரை மணி நேரம் இப்படி ஓட்டறதுக்கு லைவ் எதுக்கு, அதை ரெக்கார்ட் பண்ணிக் குடுத்திருந்தா நிறுத்தி நிறுத்தியாவது பாத்திருப்பாங்க, புரியாத இடத்தை ரெண்டு தடவை ஓட்டியிருப்பாங்க, தூக்கம் வந்தா தூங்கியாவது இருப்பாங்க. மூணு ஆப்ஷன்ல இருக்கறதுலயே மட்டமானது எதுன்னு கேட்டா நான் கண்ண மூடிட்டு லைவ் லெக்சர்னுதான் சொல்வேன். ரெக்கார்டடோட குறையும் இருக்கும், அதோட வசதியும் இருக்காது.

லைவை லைவா நடத்தணும்னா "புரியுதா?"ங்கற வார்த்தையையே விட்டுடணும். நான் இப்ப பண்றது இதுதான். ஃபார்முலாவை ஸ்க்ரீன்ல காட்டி, இந்த செல்லுல என்ன வரும்னு எல்லாரும் சாட்ல டைப் பண்ணுங்க, ஆனா நான் சொல்ற வரைக்கும் யாரும் எண்டர் தட்டாதீங்கன்னு சொல்வேன். ஒரு நிமிஷம் விட்டு இப்ப தட்டுங்கன்னதும் 20 பதில் ஒரே நேரத்துல கொட்டும், யாரும் யாரையும் பாத்து எழுத முடியாது. அதுல 12 பேர் தப்புன்னா அந்த இடத்துலயே நிறுத்திடலாம். தப்பு எப்படிப்பட்டதுன்னும் தெரியும், ஏழு பேர் ஒரே தப்பான நம்பரைப் போட்டிருந்தா அது அவங்க கவனக்குறைவு இல்ல, நான் சொன்ன விதத்துல கோளாறு.

இதுல ஒரு சிக்கல், ஸ்டூடண்ட்ஸுக்கு இது பிடிக்காது. சார் நீங்களே சொல்லிட்டுப் போங்க, அப்பத்தான் ஃப்ளோவா இருக்குன்னு எனக்கு ஃபீட்பேக்கே வந்திருக்கு. 2019-ல ஹார்வர்ட்ல ஃபிசிக்ஸ் க்ளாஸ்ல லூயி டெலாரியே குழு செஞ்ச ஆய்வுல இதே கதைதான். நல்லா கோர்வையா லெக்சர் கேட்டவங்க நிறைய கத்துக்கிட்டதா நெனச்சாங்க, தாங்களே கணக்கோட முட்டி மோதினவங்க கம்மியா கத்துக்கிட்டதா நெனச்சாங்க, டெஸ்ட் வச்சுப் பாத்தா மோதினவங்கதான் மேல. அதனால கோர்ஸ் முடிஞ்சதும் வர்ற அஞ்சு ஸ்டாரை வச்சு நீங்க நல்லா சொல்லிக்குடுத்தீங்களான்னு முடிவு பண்ணாதீங்க. முதல் க்ளாஸ்லயே, கொஞ்சம் தடுமாறத்தான் செய்வீங்க, அதுதான் வேலைன்னு சொல்லிடறது நல்லது, அதுக்கப்புறம் முனகல் குறையுது.

லைவோட மத்த குறைகளெல்லாம் தெரிஞ்சதுதான். நேரம் ஒத்துவராது, நெட் அறுந்துடும் (படம் போனா சமாளிச்சுக்கலாம், குரல் அறுந்தா க்ளாஸே போச்சு), வேகமானவங்களுக்கு போர் அடிக்கும், மெதுவானவங்க தொலைஞ்சு போவாங்க. என் அனுபவத்துல 25 பேரைத் தாண்டிட்டா ஒவ்வொருத்தர் பதிலையும் கண்ணால படிக்க முடியல, அப்புறம் அது ஒளிபரப்புதான்.

மூணாவது வழி, பேட்ச். வீடியோவையும் பயிற்சி ஃபைலையும் வார ஆரம்பத்துல குடுத்துடறது, வாரக் கடைசில ஒரு மணி நேரம் லைவ், நடுவுல ஒரு அசைன்மெண்ட், அதுக்குக் கெடு, ஆறு வாரத்துல மங்களம். கேக்கறதுக்கு ரெண்டு பக்க நன்மையையும் அள்ளிட்ட மாதிரி இருக்கும், ஓரளவுக்கு உண்மையும்கூட. கெடுன்னு ஒண்ணு இருந்தாலே பாதிப் பேர் வேலையை முடிச்சிடறாங்க, கூட இன்னும் 20 பேர் அதே கஷ்டத்துல இருக்காங்கன்னு தெரியறது இன்னொரு பலம், சில சமயம் ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தர் கேட்ட சந்தேகத்துக்கு நான் பாக்கறதுக்குள்ள இன்னொருத்தர் ஸ்க்ரீன்ஷாட்டோட பதில் போட்டிருப்பார்.

ஆனா கணக்கு போட்டுட்டு இறங்குங்க. 40 பேர், ஒரு அசைன்மெண்ட்டைத் திறந்து பாத்து ரெண்டு வரி எழுத 10 நிமிஷம்னா 400 நிமிஷம், வாரத்துக்கு ஆறே முக்கால் மணி நேரம் கிட்ட. வேலைக்குப் போயிட்டே இதையும் பண்றவங்களுக்கு ஒரு முழு லீவு நாள் காலி. என் முதல் பேட்ச்ல மூணாவது வாரம் நான் திருத்தறதுல பின்தங்கிட்டேன், நான் லேட்டானதும் அவங்களும் லேட்டாக ஆரம்பிச்சாங்க, நாலாவது வாரம் பாதி வகுப்பு காணோம். தப்பு அவங்களோடது இல்ல. ஒருத்தரை ஒருத்தர் திருத்த விடலாம்னு அடுத்து பண்ணிப் பாத்தேன், சூப்பர், வெரி குட்ங்கறதைத் தாண்டி ஒண்ணும் வரல. என்னென்ன பாக்கணும்னு அஞ்சு கேள்வியும், சரியா செஞ்ச மாதிரி ஒண்ணு, தப்பா செஞ்ச மாதிரி ஒண்ணும் குடுத்த பிறகுதான் உருப்படியா எழுத ஆரம்பிச்சாங்க. இன்னொண்ணு, ஆள் கழர்றது கடைசி வாரத்துல இல்ல, ரெண்டாவது வாரத்துல. அந்த வாரம் அசைன்மெண்ட் அனுப்பாதவங்களுக்கு தனியா ஒரு மெசேஜ் போட்டா, பொத்தாம் பொதுவா ரிமைண்டர் இல்ல, பேர் சொல்லி எந்த இடத்துல நிக்கறீங்கன்னு கேட்டா, நிறையப் பேர் திரும்பி வந்துடறாங்க.

பேட்ச்ல வாரா வாரம் இருக்கற இடைவெளியே ஒரு வரம், பலர் அதை வீணடிக்கறாங்க. 2006-ல மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செஞ்ச சோதனைல ஒரு பத்தியை நாலு தடவை படிச்ச குழுவும், ஒரு தடவை படிச்சுட்டு மூணு தடவை ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்த குழுவும் இருந்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் முன்னால, அவங்க ஞாபகத்துல இருந்தது 83 சதவீதம், எழுதிப் பாத்தவங்களுக்கு 71. ஒரு வாரம் கழிச்சு கேட்டா தலைகீழ், படிச்சவங்களுக்கு 40, எழுதிப் பாத்தவங்களுக்கு 61. அதனால வார லைவ்ல முதல் பத்து நிமிஷம் நான் போன வாரத்துப் பாடத்தை ரிவைஸ் பண்றதில்ல, காலி ஷீட்டைத் திறங்க, போன வாரம் செஞ்சதைப் பாக்காம செய்ங்கன்னுடுவேன். எரிச்சல்படுவாங்க, பரவால்ல.

சரி, யாருக்கு எது? நீங்க சொல்லிக்குடுக்கற விஷயத்துல பதில் சரியா தப்பான்னு மெஷினே சொல்லிட முடியுமா, அடிக்கடி மாறாத விஷயமா, ஆள் எங்கெங்க தடுக்கி விழுவாங்கன்னு உங்களுக்கு அத்துப்படியா? மூணுக்கும் ஆமான்னா ரெக்கார்டட் தாராளமா போங்க. கதை எழுதறது, பாடறது, மேடைல பேசறது மாதிரி விஷயம்னா ஒரு மனுஷக் காது, ஒரு மனுஷக் கண்ணு கட்டாயம் வேணும், அங்க ரெக்கார்டடை மட்டும் நம்பறது நீச்சலை வீடியோல கத்துக்கற கதைதான், சின்ன பேட்ச்தான் சரி. விஷயம் மாறிட்டே இருக்கும்னா வீடியோவை நம்பி ரொம்ப முதலீடு பண்ணாதீங்க, வீ-லுக்கப்புக்குப் பதிலா எக்ஸ்-லுக்கப்னு புது ஃபார்முலா வந்த அப்புறம் என் 22 நிமிஷப் பெருமைல பாதி பழைய வெர்ஷன் வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான் பிரயோஜனம். நாளைக்கே ஒரு டீமுக்கு ஒரு விஷயத்தை அவசரமா சொல்லணும்னா லைவ், யோசிக்கவே வேணாம்.

இதுவரைக்கும் யாருக்குமே சொல்லிக்குடுத்ததில்ல, முதல் கோர்ஸ் இதுதான்னா? இந்த இடத்துல நான் நடுநிலையா இருக்க விரும்பல, லைவ்ல ஆரம்பிங்க. எட்டு பேர், பத்து பேர் போதும். ரெக்கார்ட் பண்றதுங்கறது உங்க விளக்கத்தை உறைய வைக்கற வேலை, எங்க தடுக்குவாங்கன்னு தெரியாமலே உறைய வச்சா தப்பும் சேந்து உறைஞ்சுடும். எனக்கு அரைப்புள்ளியும் ஃபால்ஸும் தெரிஞ்சது ரெண்டு பேர் பட்ட அவஸ்தைல, அதுவும் 42 வீடியோவும் எடுத்து முடிச்ச பிறகு. முதல்ல லைவ்ல ரெண்டு சுத்து எடுத்திருந்தா அந்த 42-ல பாதியை எடுத்திருக்கவே மாட்டேன், மீதிப் பாதி வேற மாதிரி இருந்திருக்கும். லைவ் எடுக்கும்போது பக்கத்துல ஒரு நோட்டு வச்சுக்கோங்க, வர்ற ஒவ்வொரு கேள்வியையும், ஒவ்வொரு தப்பான பதிலையும் அப்படியே குறிச்சுக்கோங்க. ரெண்டாவது சுத்துல எந்தக் கேள்வி திரும்ப வருதோ அதுக்கு மட்டும் ஒரு சின்ன வீடியோ எடுங்க, அடுத்த சுத்தை பேட்சா மாத்துங்க. நோட்டுல புதுசா எதுவும் ஏறல, வந்ததேதான் வருதுங்கற நிலைமை எப்ப வருதோ அப்ப முழு ரெக்கார்டடுக்குப் போலாம். சில விஷயங்கள்ல அந்த நாள் வரவே வராது, வரலன்னா பேட்ச்லயே இருங்க.

ப்ளாட்ஃபார்ம் பத்தி ரொம்ப மண்டைய உடைச்சுக்காதீங்க. பத்து பேருக்கு ஒரு மெசேஜ் க்ரூப்பும் ஷேர் பண்ண ஒரு ஃபோல்டரும் போதும். கூட்டம் கூடினா கூகுள் க்ளாஸ்ரூம், க்விஸ்ல தப்பான ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியா விளக்கம் வைக்கணும்னா மூடுல். மூடுல் சாஃப்ட்வேர் இலவசம்தான், ஆனா சொந்தமா சர்வர்ல வச்சா அதை அப்டேட் பண்ணிப் பராமரிக்கற தலைவலி உங்களுது. எதுல போட்டாலும் பாதிப் பேர் ஃபோன்லதான் பாப்பாங்கன்னு வச்சுக்கிட்டு ஸ்க்ரீனை 150 சதவீதத்துக்காவது ஜூம் பண்ணிக் காட்டுங்க, சப்டைட்டில் போடுங்க.

அப்புறம் அந்த மைக். முதல் ரெண்டு சுத்துக்கு ஃபோன்ல மாட்டற சாதா வயர் ஹெட்செட் போதும், ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, துணி நிறைய இருக்கற ரூம்ல உக்காந்தா எதிரொலியும் வராது. நல்ல மைக் வாங்கற காசை எடுத்து வைங்க, எந்தெந்த வீடியோ எடுக்கணும்னு நோட்டு சொன்ன பிறகு வாங்கிக்கலாம்.